மொய் விருந்துக்கு வட்டி இல்லையா? கணக்கும் நாணயமும்

கயல்_கணக்கு (இழையைத் தொடங்கியவர்)

ஆடி பிறந்தால் தொலைக்காட்சியில் அதே செய்திதான். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் மொய் விருந்து, இத்தனை ஆடு, இத்தனை லட்சம் வசூல். கடைசி வரியில் "வட்டியில்லாக் கடன், நம் முன்னோரின் அறம்" என்று முடித்துவிடுவார்கள். அந்தக் கடைசி வரியைத்தான் இங்கே பிரித்துப் பார்க்க நினைக்கிறேன். பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை, நீதிமன்றம் இல்லை. ஆனாலும் பெரும்பாலான பணம் திரும்பி வருகிறது. வட்டி உண்மையிலேயே இல்லையா, அல்லது வேறு வழியில் போகிறதா? போகிறது என்றால் அதை யார் கொடுக்கிறார்கள்?

பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாக: ஆடி, ஆவணியில் ஒருவரோ பலர் சேர்ந்தோ பத்திரிகை அடித்து விருந்து வைப்பார்கள். கல்யாணமோ காதுகுத்தோ கிடையாது, மொய்க்காகவே விருந்து. ஒருவர் 5 ஆண்டுக்கு ஒருமுறைதான் வைக்கலாம் என்பது பொதுவான கட்டுப்பாடு. வருகிறவர்கள் தாங்கள் வாங்கியதைத் திருப்பி எழுதி, அதன் மேல் கொஞ்சம் சேர்த்தும் எழுதுவார்கள். திருப்புவது பழைய நடை, சேர்ப்பது புது நடை.

---

தென்னந்தோப்பு

நல்ல கேள்வி. விருந்துச் செலவுதான் வட்டி. செய்தியில் மொத்த வசூலைச் சொல்வதால் இது கண்ணில் படுவதில்லை.

ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். எண்களை உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். 10 பேர் சேர்ந்து வைக்கிறார்கள். 3,000 பேர் சாப்பிடுகிறார்கள், இலைக்கு 250 ரூபாய் என்றால் 7.5 லட்சம். பந்தல், பத்திரிகை, பேனர், மொய் எழுதுகிறவர்கள், பணம் எண்ணும் இயந்திர வாடகை எல்லாம் 1.5 லட்சம். ஆக 9 லட்சம், ஆளுக்கு 90,000. ஒருவருக்கு மொய் 10 லட்சம் விழுகிறது. "10 லட்சத்துக்கு 90,000 தானே, 9 சதவீதம்" என்று தோன்றும். அங்கேதான் தவறு.

அந்த 10 லட்சத்தில் 6 லட்சம் பழைய நடை என்று வையுங்கள். கடந்த 5 ஆண்டில் அவரே ஊர் ஊராகப் போய் எழுதிய பணம் அது. புதிதாகக் கைக்கு வந்த கடன் 4 லட்சம்தான். விருந்துச் செலவு போக மிச்சம் 3.1 லட்சம். இதற்கு வருடம் 80,000 வீதம் 5 வருடம் திருப்ப வேண்டும். இந்த வரவையும் தவணையையும் வட்டிக் கணக்கில் போட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 9 சதவீதம் வருகிறது. வங்கியில் நகைக்கடன் வாங்குகிற அளவு. இரண்டு வட்டி, மூன்று வட்டியோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல். இரண்டு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய், அதுவே ஆண்டுக்கு 24 சதவீதம். ஆனால் "வட்டியில்லா" என்ற சொல் இந்த இடத்தில் ஒட்டாது.

தனியாக வைத்தால் இன்னும் மோசம். 1,000 பேர் சாப்பாடு 2.5 லட்சம், மற்றது 75,000. புது நடை 4 லட்சத்தில் 3.25 லட்சம் இலையிலேயே போய்விடும். கூட்டு விருந்து வந்ததற்குக் காரணம் இதுதான். ஒரே ஆள் மூன்று பேருக்கு மொய் எழுதினாலும் ஒரே இலையில்தான் சாப்பிடுகிறான்.

---

எதிர்க்கரை

அண்ணே, கணக்கு சரி. ஆனா பாதியை விட்டுட்டீங்க. பழைய நடை 6 லட்சத்துக்கும் ஒரு விலை இருக்கு. அது 5 வருஷமா அடுத்தவன் கையில இருந்த பணம். சராசரியா இரண்டரை வருஷம். விலைவாசி வருஷத்துக்கு 5 சதவீதம் ஏறினா அந்த 6 லட்சம் திரும்பி வரும்போது வாங்கும் சக்தியில 5.3 லட்சம்தான். ஏறக்குறைய 70,000 காணோம். அது எங்க போச்சு? யார் முதல்ல விருந்து வச்சு வாங்கினாங்களோ அவங்க வீட்டுக்குப் போச்சு. வட்டி இல்லைன்னா கொடுத்தவன்தான் வட்டியைச் சுமக்கிறான்னு அர்த்தம்.

அதனால வரிசையில யார் முன்னாடி, யார் பின்னாடிங்கறது சாதாரண விஷயமில்ல. வட்டத்துக்குள்ள புதுசா வர்றவன் முதல்ல சில வருஷம் எழுதிக்கிட்டே இருக்கணும், அப்புறம்தான் வைக்க முடியும்.

---

தென்னந்தோப்பு

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த 70,000 முழுவதும் நஷ்டம் இல்லை. அஞ்சலகத்தில் தொடர்வைப்பு போட்டவர் பாதியில் எடுத்துச் செலவழித்துவிடலாம். மொய்யில் எழுதிய பணத்தை நினைத்த நேரத்தில் எடுக்க முடியாது. இந்தப் பூட்டைத்தான் பலர் விரும்புகிறார்கள். அடுத்தது, எழுதிய பணம் திரும்பி வருகிற தேதி நீங்கள் விருந்து வைக்கிற தேதி. ஆழ்துளைக் கிணறு போடவேண்டிய வருடத்தை, பிள்ளையின் கல்லூரிக் கட்டண வருடத்தைப் பார்த்து நீங்களே வைத்துக்கொள்ளலாம். வங்கிக் கடனில் அந்த வசதி கிடையாது.

---

நோட்டுக்காரர்

இரண்டு பேரும் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போகிறீர்கள். நோட்டை எப்படி எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்து இது நிலைக்கும், அல்லது வெடிக்கும்.

முதல் முறை, நிலுவை முறை. கண்ணன் முருகனுக்கு 1,000 எழுதினார். முருகன் கண்ணனின் விருந்தில் 2,000 எழுதுகிறார். நோட்டில் இப்படி விழும்:

முருகன், த/பெ ராசு, மேலத்தெரு. பழையது 1,000. புதியது 1,000. ஆக 2,000.

இனி கண்ணன் கடன்பட்டது 1,000 மட்டும். அவர் அடுத்தமுறை அந்த 1,000, அதற்குமேல் புதியது 1,000 எழுதுகிறார். நிலுவை எப்போதும் 1,000, ஒவ்வொரு முறையும் பக்கம்தான் மாறுகிறது. எத்தனை வருடம் போனாலும் தாங்கும்.

இரண்டாவது, "வாங்கினதுக்கு இரட்டிப்பா செய்யணும்" என்ற முறை. இதில் பழையது, புதியது என்று பிரிப்பதில்லை. முருகன் 2,000 செய்தார், எனவே கண்ணன் 4,000 செய்ய வேண்டும், முருகன் 8,000, கண்ணன் 16,000. 5 ஆண்டுச் சுழற்சியில் ஆளுக்கு ஒருமுறை என்று வைத்தால் 1,000 ரூபாயாகத் தொடங்கியது 10 ஆண்டில் 16,000. எந்தத் தோப்பும் இந்த வேகத்தில் காய்க்காது. "மொய்யால் நொடித்தார்கள்" என்று சொல்லப்படும் குடும்பங்களை விசாரித்தால், பெரும்பாலும் இரண்டாவது முறையில் மாட்டியிருப்பார்கள், அல்லது முதல் முறையில் இருந்துகொண்டே கௌரவத்துக்காக இரண்டாவது போலச் செய்திருப்பார்கள்.

அதனால் நோட்டில் மூன்று பத்தி கட்டாயம்: பழையது, புதியது, மொத்தம். மொத்தம் மட்டும் எழுதிய நோட்டு சண்டைக்கு விதை. பெயரோடு தகப்பன் பெயர், ஊர், தெரு, பட்டப்பெயர் இருந்தால் அதுவும். ஒரே ஊரில் நாலு செல்வராசு இருப்பார்கள்.

கைப்பேசியில் ஸ்கேன் செய்து அனுப்புகிறவர்களுக்கும் இது பொருந்தும். வங்கிச் செய்தியில் வெறும் பெயரும் எண்ணும்தான் வரும். சிங்கப்பூரில் இருக்கிற மகன் கணக்கிலிருந்து அனுப்பினால் அப்பா பெயரில் வரவு விழாது. அனுப்பிய கையோடு எழுதுகிறவரிடம் சொல்லி நோட்டில் ஏற்றவேண்டும். இல்லாவிட்டால் கொடுத்தும் கொடுக்காத கணக்குதான்.

---

கயல்_கணக்கு

நோட்டுக்காரர் ஐயா, 10 லட்சம் விழுந்த ஒருவர் அதற்குப் பிறகு வருடத்துக்கு எவ்வளவு ஒதுக்கவேண்டும்?

---

நோட்டுக்காரர்

மேலே சொன்ன கணக்கையே எடுத்தால்: கடனான 4 லட்சத்தைத் திருப்ப வருடம் 80,000. அடுத்த சுற்றிலும் பழைய நடையாக 6 லட்சம் வரவேண்டுமானால் வருடம் 1.2 லட்சம் புதிதாக எழுதவேண்டும். ஆக வருடம் 2 லட்சம். விழுந்த மொத்தத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கு என்று நினைவில் வையுங்கள்.

சிக்கல் தொகையில் இல்லை, மாதத்தில். இந்த 2 லட்சமும் ஆடி, ஆவணி இரண்டே மாதத்தில் போகும். ஒரே நாளில் ஏழு பத்திரிகை வரும். வைகாசி, ஆனியிலேயே பணத்தை எடுத்து வைக்காதவர் ஆடியில் நகையை அடகு வைத்துத்தான் மொய் எழுதுகிறார். வட்டிக்கு வாங்கி வட்டியில்லாமல் கொடுப்பது என்றால் இதுதான். விருந்து முடிந்த வாரமே ஊர்வாரியாக நோட்டைப் பிரித்து, யார் எந்த வருடம் வைப்பார் என்று ஒரு பட்டியல் போட்டுவிட்டால் எந்த வருடம் கனமாக விழும் என்பது முன்கூட்டியே தெரியும்.

---

எதிர்க்கரை

எல்லாரும் ஒரே பயிரை நம்பி இருக்கிற வட்டாரத்துல இந்தப் பட்டியல் ஒரு புயலுக்குத் தாங்காது. 2018 நவம்பர் 16 அன்னிக்கு கஜா கரையைக் கடந்தப்ப தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் தென்னை வரிசை வரிசையா சாஞ்சுது. நெட்டைத் தென்னை வச்சா காய்ப்புக்கு வர 6, 7 வருஷம். கடன்பட்டவன், கடன் கொடுத்தவன், எழுதவேண்டியவன், வாங்கவேண்டியவன், எல்லாருக்கும் ஒரே ராத்திரியில வருமானம் போச்சு. வங்கின்னா வேற மாவட்டத்துப் பணம் வந்து தாங்கும். மொய் வட்டத்துக்கு வெளியிலேர்ந்து ஒரு ரூபா வராது. வெளிநாட்டுல இருக்கிற பிள்ளைங்க அனுப்பினாத்தான்.

அதுக்கப்புறம் 2020ல ஊரடங்கு. கூட்டம் கூட்ட முடியாத ஆடி. அந்த வருஷ வரிசைக்காரங்க தள்ளிப்போனா அடுத்த வருஷம் ரெண்டு வருஷத்துப் பத்திரிகையும் ஒண்ணா சேரும். வருஷம் 2 லட்சம்னு திட்டம் போட்டவன் 4 லட்சம் எடுக்கணும். இங்கதான் அறம்ங்கற சொல்லைச் சோதிக்கணும். தோப்பு விழுந்தவன்கிட்ட "உன் நடை வரலியே"ன்னு ஆள் அனுப்புறது அறமா?

---

தென்னந்தோப்பு

ஆள் அனுப்பாமல் விட்டால் அனுப்பாதவர் விருந்தில் துண்டு விழும். அவருக்கும்தான் தோப்பு விழுந்தது. இந்த இடத்தில் யார் பக்கம் நிற்பது என்று எனக்குத் தெளிவான விடை இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம்: சுழற்சி முறையில் மன்னிப்பு தனி ஆளால் முடியாது. 500 பேர் நோட்டில் இருக்கிறார்கள். "இந்தச் சுற்று பழைய நடையில் பாதி, மீதி அடுத்த சுற்றில்" என்று ஊராகக் கூடி முடிவெடுத்தால் யாருக்கும் தலைகுனிவு இல்லை. தனியாகக் கேட்டால் அது கடன் தள்ளுபடி கேட்பதுபோல ஆகிவிடும்.

---

வரிக்கட்டு

வருமான வரிப் பக்கத்தைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. நிறைய பேர் "மொய்க்கு வரி கிடையாது" என்று முடித்துவிடுகிறார்கள். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு எண்களிலேயே சொல்கிறேன், பழகியவை அவைதான்.

அன்பளிப்பு என்று சொன்னால்: 56(2)(எக்ஸ்) வரும். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓர் ஆண்டில் வந்தது 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும் வரி. திருமணத்துக்கு விலக்கு உண்டு, அதுவும் மணமக்களுக்கு வருவதற்கு. மொய் விருந்து திருமணம் அல்ல. உறவினர் பட்டியலும் நம் முறையில் இல்லை. தாய்மாமன் மருமகனுக்குக் கொடுத்தால் உறவினர் கொடுத்தது. அதே மருமகன் தாய்மாமனுக்கு எழுதினால் உறவினர் இல்லை, ஏனென்றால் வாங்குகிறவர் பக்கத்திலிருந்து பார்க்கும்போது உடன்பிறந்தவரின் பிள்ளை பட்டியலில் வராது. மாமன் மகன், அத்தை மகன் எந்தத் திசையிலும் கிடையாது. மொய்யே திசை மாறி மாறி ஓடுகிற பணம். ஒரு திசைக்கு விலக்கு, மறு திசைக்கு வரி என்றால் எப்படி இருக்கும், பாருங்கள்.

கடன் என்று சொன்னால்: 269எஸ்எஸ். ஒருவரிடமிருந்து 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாகக் கடன் வாங்கக்கூடாது, வாங்கினால் அதே அளவு அபராதம் விழலாம். இரு தரப்புக்கும் விவசாய வருமானம் இருந்து, இருவருக்குமே வரி கட்டவேண்டிய வருமானம் இல்லையென்றால் விலக்கு. 2,000, 5,000 என்று எழுதுகிறவர்களால் தொந்தரவு இல்லை. 50,000 ரொக்கமாக எழுதும் பங்காளியால்தான். கடன் இல்லை, அன்பளிப்பு என்று சொன்னாலும், ஒருவரிடமிருந்து ஒரே நிகழ்வுக்கு 2 லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கம் வாங்கினால் அதைத் தடுக்கும் 269எஸ்டி தனியாகக் காத்திருக்கிறது.

பழைய நடை உங்கள் சொந்தப் பணம் திரும்புவது, வருமானம் அல்ல. அதை நிரூபிக்க இருப்பது உங்கள் நோட்டும் எதிராளியின் நோட்டும்தான். நோட்டுக்காரர் சொன்ன மூன்று பத்தி அதிகாரி முன்னாலும் உதவும். "எல்லாம் விவசாய வருமானம்" என்று எழுதிக் கொடுப்பது மட்டும் வேண்டாம். அது பொய், கேட்டால் நிற்காது.

---

எதிர்க்கரை

அப்ப வழக்குப் போட்டு வாங்க முடியுமா?

---

வரிக்கட்டு

கடினம். கடனாகக் கொடுத்த பணத்துக்குக் காலவரையறை, கொடுத்த நாளிலிருந்து 3 ஆண்டு. மொய்ச் சுழற்சியோ 5 ஆண்டு. உங்கள் முறை வருவதற்கு முன்பே சட்டப்படி காலாவதி என்று எதிராளி வாதாடலாம். "விருந்து வைக்கும்போது திருப்பவேண்டும் என்பதுதான் ஒப்பந்தம், அன்றிலிருந்துதான் காலம் ஓடும்" என்று நீங்கள் வாதாடலாம், ஆனால் அதை எழுத்தில் காட்ட ஒன்றும் இல்லை. வணிகத்தில் முறையாகப் பராமரித்த கணக்குப் புத்தகமே தனியாக நின்று ஒருவரைக் கடனாளி ஆக்காது என்பது சாட்சியச் சட்டம். மொய் நோட்டு அந்த அளவுக்குக்கூட வராது.

---

நோட்டுக்காரர்

சட்டம் கைவிட்ட இடத்தில் கூச்சம் காவல் நிற்கிறது. வராத நடை எது என்று தனிப் பட்டியல் எடுப்பார்கள், முதலில் உறவில் ஒருவர் போய்க் கேட்பார், பிறகு வைத்தவரே போவார். அதற்கும் அசையாவிட்டால் அந்த வீட்டுப் பத்திரிகைக்கு யாரும் போகமாட்டார்கள். 500 வீட்டுக்கு எழுதியவருக்கு அதுதான் பெரிய தண்டனை, ஏனென்றால் அவருடைய சேமிப்பு முழுதும் அந்த 500 வீட்டில்தான் கிடக்கிறது.

---

மல்லிகா_திருச்சி

இவ்வளவு நேரமும் "அவர்" எழுதினார், "அவருக்கு" விழுந்தது என்றே போய்க்கொண்டிருக்கிறது. கூச்சம் காவல் நிற்கிறது என்றால் யாருடைய கூச்சம்?

நோட்டில் ஆண் பெயர்தான் ஏறுகிறது. ஆடியில் அடகுக்குப் போகும் நகை பெரும்பாலும் மனைவியுடையது. கணவர் இறந்துவிட்டால் என்ன ஆகிறது என்று பாருங்கள். அவர் வாங்கிய நடையைக் கேட்க ஆள் வரும். அவர் எழுதிய நடையை வாங்க வேண்டுமென்றால் அந்தப் பெண் பத்திரிகை அடித்து, பங்குச் செலவு போட்டு, விருந்து வைக்கவேண்டும். கடன் தானாக வாசலுக்கு வருகிறது, வரவைத் தேடி இவர் போகவேண்டியிருக்கிறது. அறம் பேசுகிறவர்கள் இந்தச் சாய்வுக்குப் பதில் சொல்லுங்கள்.

செய்யக்கூடியது சின்ன விஷயம்தான். எழுதும்போதே "முருகன் – லட்சுமி" என்று இரண்டு பெயரும் சொல்லி எழுதுங்கள். நோட்டின் ஒரு பிரதி வீட்டுப் பெண்களிடம் இருக்கட்டும். யாரிடம் எவ்வளவு நிற்கிறது என்பது தெரியாத பெண்ணிடம் யார் என்ன சொன்னாலும் அதுதான் கணக்கு.

அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போதும் இதே பிரச்சினை. நிலத்தை அளந்து பிரிக்கிறார்கள், நோட்டை மூத்தவர் எடுத்துக்கொள்கிறார். வரவேண்டியதும் கொடுக்கவேண்டியதும் ஊர்வாரியாகப் பிரித்து, "இந்த ஐந்து ஊர் உனக்கு, இந்த நாலு ஊர் எனக்கு" என்று பங்குப் பத்திரத்தோடு ஒரு தாளில் எழுதி, அந்தந்த ஊருக்குச் சொல்லியும் விடவேண்டும்.

---

எதிர்க்கரை

அக்கா சொன்னதோட இன்னொண்ணு. கூட்டு விருந்துல செலவைத் தலைக்குச் சமமா பிரிக்கிறாங்க. 10 லட்சம் விழுறவனுக்கும் 90,000, 3 லட்சம் விழுற சின்ன விவசாயிக்கும் 90,000. அவனுக்குப் புது நடை 1.2 லட்சம்னா முக்கால்வாசி கறியிலேயே போச்சு. கூலி வேலை பார்க்கிற குடும்பம் இந்த வாசல்லயே நின்னுடும். வட்டியில்லாக் கடன் யாருக்கு அதிகம் தேவையோ அவங்கதான் வட்டத்துக்கு வெளியில.

---

தென்னந்தோப்பு

இது சரியான அடி. வசூல் விகிதத்தில் பிரித்தால் மொத்தம் 1 கோடிக்கு 9 லட்சம் செலவு, 3 லட்சம் விழுந்தவர் பங்கு 27,000 தான். ஆனால் வசூலை முன்கூட்டி யாரும் சொல்லமாட்டார்கள், முடிந்த பிறகும் முழுசாகச் சொல்லமாட்டார்கள். அதனால் தொகைக்குப் பதில் நோட்டு வரிகளை எண்ணிப் பிரிப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். யார் நோட்டில் எத்தனை பெயர் ஏறியது என்பதை எழுதுகிறவரே அன்று இரவு சொல்லிவிடலாம், தொகை வெளியே போகாது. பெயர் அதிகம் என்றால் இலையும் அதிகம், எனவே நியாயமும் இருக்கிறது.

---

கயல்_கணக்கு

கடைசியாக ஒன்று. வெளியே வர நினைப்பவருக்கு வழி உண்டா? வேலைக்காகக் கோயம்புத்தூர் போய்விட்ட குடும்பம், இனி விருந்து வைக்கப்போவதில்லை என்று வையுங்கள்.

---

நோட்டுக்காரர்

உண்டு, 5 வருடம் ஆகும். இன்னும் ஒருமுறை விருந்து வைத்து வரவேண்டியதை வாங்கிக்கொள்ளுங்கள். பத்திரிகை கொடுக்கும்போதே "இந்தமுறை பழைய நடை மட்டும் போதும்" என்று சொல்லிவிடுங்கள். கேட்காமல் சிலர் புதியது சேர்த்து எழுதுவார்கள், அந்தப் பெயர்களை அன்றே தனித்தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அவர்கள் ஒவ்வொருவரும் வைக்கும்போது, வாங்கியது எவ்வளவோ அவ்வளவே எழுதுங்கள், ஒரு ரூபாய்கூட மேலே வேண்டாம். எழுதுகிறவர் "புதுசு எவ்வளவு?" என்று கேட்பார். "பழசு மட்டும்" என்றால் அவருக்குப் புரியும். நோட்டில் அந்த வரிக்கு நேராகப் புதியது என்ற பத்தியில் ஒரு கோடு இழுத்துவிடுவார். சாப்பிட்டுவிட்டே கிளம்புங்கள், இலையில் உட்காராமல் போனால்தான் சண்டை என்று நினைத்துக்கொள்வார்கள்.